போனில் வெடிகுண்டு மிரட்டல் வந்தால் நிரப்ப ஒரு தாள்: சிசா படிவம், பயன்படுத்திப் பார்த்த பிறகு

பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, ஹோட்டல், எதுவாக இருந்தாலும் ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் எடுப்பவர்களுக்கும், அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் நிர்வாகிகளுக்கும்தான் இந்த விமர்சனம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் சிசா (CISA) என்ற அமைப்பு ஒரு வெடிகுண்டு மிரட்டல் படிவத்தை வெளியிட்டிருக்கிறது. காசு கிடையாது. அவர்களுடைய இணையதளத்தில் பிடிஎஃப்பாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். மிரட்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பகுதி. மிரட்டுகிறவன் பேசிக்கொண்டிருக்கும்போதும், வைத்த உடனேயும் டிக் அடித்து, எழுதி நிரப்ப வேண்டிய பட்டியல் இன்னொரு பகுதி. அவ்வளவுதான் பொருள்.

நான் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் சென்னையில் ஒரே நாளில் 13 பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் மிரட்டல் வந்தது நினைவிருக்கும். எல்லாமே புரளி என்று போலீஸ் சொல்லிவிட்டது. எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை, இருந்தும் அன்று மதியம் எங்கள் கேட்டிலும் பெற்றோர் வந்து நின்றார்கள், டூவீலரை நடு ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தவர்களும் உண்டு. அதே வருஷம் மே மாதம் டெல்லியில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு. அக்டோபரில் விமானங்களுக்கு வரிசையாக. இதையெல்லாம் பார்த்த பிறகு, நம்மிடம் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வோம் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டோம். மின்னஞ்சலாக வந்தால் பதில் இருந்தது: அழிக்காமல் வைத்து போலீசிடம் காட்டுவோம். போனில் வந்தால் யாரிடமும் பதில் இல்லை. தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் படிவம்.

மின்னஞ்சலும் போனும் ஒன்றல்ல என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மின்னஞ்சல் அங்கேயே கிடக்கும், பத்துப் பேர் பத்து முறை படிக்கலாம். போனில் சொன்னதை ஒரே ஒருவர்தான் கேட்டிருப்பார், அதுவும் ஒரே ஒரு முறை. அவர் காதில் விழுந்ததும் அவர் கை எழுதியதும்தான் போலீசுக்கு மிச்சம். ரெக்கார்டிங் வசதி இருந்தால் நல்லது, ஆனால் எத்தனை பள்ளியில் லேண்ட்லைனுக்கு ரெக்கார்டிங் இருக்கிறது சொல்லுங்கள். அதனால்தான், கேமரா, மெட்டல் டிடெக்டர் என்று லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன்னால் இந்த ஒரு தாளை ரிசப்ஷனில் வையுங்கள் என்று சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், 'மிரட்டலில் சொன்ன வார்த்தைகள் அப்படியே' என்று விடப்பட்டிருக்கும் காலி இடம். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். 1998 ஆகஸ்ட் 15 அன்று வட அயர்லாந்தில் ஓமா என்ற ஊரில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்தக் காலி இடத்தின் மதிப்பு புரியும். குண்டு வெடிப்பதற்கு முன்னால் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் ஒரு தொண்டு அமைப்பின் உதவி எண்ணுக்கும் போனில் எச்சரிக்கை வந்தது. நீதிமன்றக் கட்டடம் என்றும் மெயின் ஸ்ட்ரீட் என்றும் அதில் சொல்லப்பட்டது. அந்த ஊரில் மெயின் ஸ்ட்ரீட் என்ற பெயரில் தெருவே இல்லை. போலீஸ் நீதிமன்றத்தைச் சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்திக் கடைத்தெருவின் மறுகோடிக்கு அனுப்பியது. குண்டு வைத்த கார் அந்தக் கோடியில்தான் நின்றிருந்தது. 29 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்த கர்ப்பிணி. எச்சரிக்கையே தவறாகச் சொல்லப்பட்டது என்பதுதான் அங்கே முக்கியக் காரணம், போன் எடுத்தவர்கள் மேல் பழி போட முடியாது. ஆனால் இடம் பற்றிய ஒரே ஒரு சொல் எத்தனை பேரை எந்தப் பக்கம் நகர்த்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எங்கள் வளாகத்தில் 'பழைய பில்டிங்' என்றால் ஆசிரியர்களுக்கு ஒன்று, டிரைவர்களுக்கு வேறொன்று. மிரட்டுகிறவன் 'பழைய பில்டிங்' என்று சொல்லி, அதை நம் ஆள் 'பிரைமரி பிளாக்' என்று தனக்குப் புரிந்த மாதிரி எழுதிவிட்டால் கதை முடிந்தது. சொன்னதைச் சொன்னபடி எழுது, விளக்கத்தை அப்புறம் தனியாக எழுது. இந்தப் படிவம் அதைத்தான் கேட்கிறது.

அடுத்து கேள்விகள். குண்டு எங்கே இருக்கிறது, எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த அறை. எப்போது வெடிக்கும். பார்க்க எப்படி இருக்கும். என்ன வகைக் குண்டு. எது பட்டால் வெடிக்கும். நீங்கள்தான் வைத்தீர்களா. ஏன். உங்கள் பெயர் என்ன. இந்த வரிசையைப் படிக்கும்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "பேரைக் கேட்டா எவனாவது சொல்வானா?" என்பதுதான். நியாயமான சந்தேகம். ஆனால் பதில் கிடைக்கும் என்பதற்காக மட்டும் கேட்பதில்லை. ஒவ்வொரு கேள்வியும் அவனை இன்னும் ஐந்து வினாடி, பத்து வினாடி லைனில் வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் குரல் பதிகிறது, பின்னால் கேட்கும் சத்தம் பதிகிறது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வேறொரு போனில் 112ஐ அழைக்க அவகாசம் கிடைக்கிறது. இதைவிட முக்கியமான இன்னொன்று, கேட்பவருக்குப் படிக்க ஒரு வரி இருக்கிறது. கை நடுங்கும்போது மூளையிலிருந்து கேள்வி வராது, தாளில் இருந்தால் வாய் தானாகப் படித்துவிடும். நல்ல படிவம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இதை எப்படிச் சோதித்தோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேசைக்குள் போட்டு வைத்திருந்தால் எந்தப் படிவமும் நன்றாகத்தான் தெரியும். விடுமுறை நாள் ஒன்றில், பிள்ளைகள் யாரும் இல்லாதபோது, காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ஒத்திகை வைத்தோம். ஓய்வுபெற்ற எங்கள் பி.டி. மாஸ்டர் வெளியிலிருந்து போன் செய்தார். ரிசப்ஷன் அக்காவுக்கு ஒத்திகை என்று தெரியும், எப்போது போன் வரும், யார் பேசுவார்கள் என்று தெரியாது. "ஏம்மா, உங்க ஸ்கூல்ல பாம் வெச்சிருக்கேன், பன்னெண்டு மணிக்கு வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு வைக்கப் போனார். அக்கா உடனே, "சார், லைன் சரியா கேக்கல சார், கொஞ்சம் மறுபடி சொல்லுங்க" என்றார். அவர் மறுபடி முழுசாகச் சொன்னார். அக்கா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அப்புறம், "எந்த பில்டிங்ல சார்? சின்னப் பிள்ளைங்கல்லாம் இருக்காங்க சார், சொல்லிடுங்க" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்து வந்த வாக்கியமில்லை அது, அவராகவே கேட்டது. துப்பாக்கி, வெடிபொருள் குற்றங்களைக் கவனிக்கும் அமெரிக்காவின் ஏடிஎஃப் (ATF) அமைப்பு இதே விஷயத்துக்காகப் போட்ட கையேட்டிலும், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், அப்பாவிகள் சாவார்கள் என்று மிரட்டுகிறவனிடம் சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது.

படிவத்தின் ஓரத்தில் அக்கா 'ரயில் ஹாரன், டீக்கடை கண்ணாடி கிளாஸ் சத்தம்' என்று எழுதியிருந்தார். பி.டி. மாஸ்டர் உண்மையில் ஸ்டேஷன் வாசலில் ஒரு கடையில் நின்றுதான் பேசினார். நிஜமாக ஒருவன் அப்படிப் பேசியிருந்தால் போலீசுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி. அன்றைக்கே நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இந்தத் தாள் மேல் மதிப்பு வந்துவிட்டது.

இனி குறைகள். குறைகள் என்பதைவிட, நம் ஊருக்கு மாற்றாமல் அப்படியே எடுத்தால் உதவாத இடங்கள்.

குரல் பற்றிய பகுதி நீளமானது. கோபம், அமைதி, அழுகை, இருமல், திக்கல், மூக்கால் பேசுவது, வேகம், நிதானம், குழறல், குரலை மாற்றிப் பேசுவது என்று நிறைய டிக் கட்டங்கள். எல்லாம் சரி. ஆனால் பேச்சு வழக்கு என்பதற்கு ஒரே ஒரு கட்டம். தமிழ்நாட்டில் போன் எடுக்கிற எவருக்கும் இரண்டாவது வாக்கியத்திலேயே பேசுகிறவர் கோயம்புத்தூர்ப் பக்கமா, திருநெல்வேலியா, மதுரையா, வட சென்னையா, இலங்கைத் தமிழா, மலையாளம் கலந்த தமிழா, இந்திக்காரர் பேசும் தமிழா என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்த அறிவு முழுவதும் ஒரு கட்டத்துக்குள் காணாமல் போகிறது. எங்கள் தமிழ்ப் படிவத்தில் இதைத் தனிப் பகுதியாகப் போட்டோம். கூடவே, எப்படிக் கூப்பிட்டார் என்றும் ஒரு வரி: மேடம் என்றா, அம்மா என்றா, அக்கா என்றா, மிஸ் என்றா, நீ என்றா, நீங்கள் என்றா. 'மிஸ்' என்று கூப்பிட்டால் அது பெரும்பாலும் பள்ளியோடு பழகிய வாய். பழைய மாணவராக இருக்கலாம், இப்போது படிக்கும் பையனாகவும் இருக்கலாம். தேர்வு நாளன்று பரீட்சை தள்ளிப்போகட்டும் என்று மாணவர்களே மிரட்டல் விட்டுப் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகையில் எல்லோரும் படித்திருக்கிறோம்.

பின்னணிச் சத்தம் பகுதியும் அப்படியே. போன் பூத், தொழிற்சாலை இயந்திரம், அலுவலக இயந்திரம், சமையலறைச் சத்தம், மிருகங்கள் என்று இருக்கிறது. நாங்கள் ரயில்வே அறிவிப்பு, பஸ் ஹாரன், கோயில் மணி, பாங்கு ஒலி, குக்கர் விசில், டிவி சீரியல், பள்ளி மணி என்று மாற்றிக்கொண்டோம். மாற்றியதற்கு அதிக நேரம் ஆகவில்லை, ஆனால் மாற்றாமல் விட்டால் அந்தப் பகுதி வெறுமனே கிடந்திருக்கும்.

இன்னொரு விஷயம், படிவத்தில் இல்லாதது, ஆனால் நம் அலுவலகங்களில் கட்டாயம் நடப்பது. ஏதாவது பெரிய விஷயம் என்று தெரிந்ததும் ரிசப்ஷனில் இருப்பவர் "ஒரு நிமிஷம் சார், லைன்ல இருங்க, பிரின்சிபல் மேடத்துக்குத் தர்றேன்" என்று எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றிவிடுவார். ஹோல்ட் மியூசிக் ஓடும், அந்தப் பக்கம் வைத்துவிடுவான், மேடம் எடுத்தால் டயல் டோன்தான் கேட்கும். லைனை மாற்றவே கூடாது. முதலில் எடுத்தவர்தான் கடைசி வரை பேச வேண்டும், அவர் எவ்வளவு ஜூனியராக இருந்தாலும். இதை எங்கள் படிவத்தின் தலையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். நிர்வாகிகள் இதைக் கேட்கும்போது முகம் சுளிக்கலாம், 'இவ்வளவு பெரிய விஷயத்தை ரிசப்ஷனிஸ்ட் பேசுவதா' என்று. ஆமாம், அவர்தான் பேச வேண்டும். அதனால் அவருக்குத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும், அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றாக உட்காரும் அட்டெண்டருக்கும் சேர்த்து.

அவன் போனை வைத்துவிட்டாலும் நீங்கள் ரிசீவரை வைக்காதீர்கள், வேறு போனிலிருந்து போலீசைக் கூப்பிடுங்கள் என்று படிவம் சொல்கிறது. பழைய லேண்ட்லைன் காலத்தில், எடுத்தவர் பக்கம் லைன் திறந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று எக்ஸ்சேஞ்சில் தேட வசதியாக இருந்தது, அந்தக் காரணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. இன்றைக்கு அழைப்பு விவரம் தொலைபேசி நிறுவனத்தின் கணினியிலேயே பதிவாகிவிடுகிறது. இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரிசீவர் தனியாகக் கிடந்தால் அந்த போனை வேறு யாரும் எடுத்து வேறெங்கோ பேச மாட்டார்கள், கடைசி அழைப்பு விவரம் கலையாது. திரையில் தெரியும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது படிவம், அதுவும் சரி, ஆனால் இணையம் வழியாக வரும் அழைப்பில் தெரிகிற எண் போலியாக இருக்கலாம். எண் கிடைத்துவிட்டது என்று மற்றதை எழுதாமல் விடக் கூடாது.

'யாரைத் தொடர்பு கொள்வது' என்ற கட்டத்தில் அமெரிக்காவின் 911 இருக்கிறது. அதை 112, 100, நம் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தின் நேரடி எண் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றலாம். எங்களிடம் ஒரு தனியார் செக்யூரிட்டி நிறுவனம் ஒரு வகுப்பும் லேமினேட் செய்த கார்டும் சேர்த்து விற்க வந்தது, கட்டணம் சின்னத் தொகை இல்லை. கார்டைத் திருப்பிப் பார்த்தால் இதே படிவம், மேலே அவர்கள் லோகோ, கீழே 911 அப்படியே இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை விற்பதுகூடப் போகட்டும், ஆபத்து நேரத்தில் ஒரு அக்கா அந்த எண்ணைப் பார்த்துச் சுழற்றினால் என்ன ஆகும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். இப்படி யாராவது உங்களிடம் வந்தால் முதலில் கார்டின் எண்களைப் படித்துப் பாருங்கள்.

எண்ணோடு முகவரியும் முக்கியம். 1996 ஜூலை 27, அட்லாண்டா ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது நள்ளிரவு தாண்டி 911க்கு ஒருவன் போன் செய்து, சென்டென்னியல் பூங்காவில் குண்டு இருக்கிறது, உங்களுக்கு 30 நிமிஷம் இருக்கிறது என்றான். போன் எடுத்தவரின் கணினியில் அந்தப் பூங்காவின் முகவரி இல்லை. முகவரி இல்லாமல் அந்த அழைப்பைக் கணினி முன்னால் நகர்த்தவில்லை, முகவரியைத் தேடுவதிலேயே சுமார் 10 நிமிஷம் போனது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே குண்டு வெடித்துவிட்டது. பூங்காவில் இருந்த காவலாளி ரிச்சர்ட் ஜூவல் அந்தப் பையை ஏற்கெனவே கவனித்து, ஆட்களை அங்கிருந்து நகர்த்தத் தொடங்கியிருந்ததால்தான் சாவு அந்த அளவோடு நின்றது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே இப்படி. நம் பள்ளிகளில் பாதிக்கு மேல் 'பெட்ரோல் பங்க் தாண்டி லெப்ட்' என்றுதான் வழி சொல்கிறோம். எங்கள் படிவத்தின் தலையில் பள்ளியின் முழு முகவரி, கதவு எண், எந்தக் காவல் நிலைய எல்லை, எந்த கேட் வழியாகப் பெரிய வண்டி நுழைய முடியும் என்பதெல்லாம் அச்சடித்தே இருக்கிறது. பேசுகிறவர் தன் பள்ளியின் முகவரியையே மறக்கக்கூடிய நேரம் அது.

செய்யக் கூடாதவை என்ற பகுதியில் மூன்று விஷயத்தை மட்டும் பார்க்கலாம். சந்தேகமான பொருளைத் தொடாதே, நகர்த்தாதே என்பதில் பேச்சே இல்லை. வாக்கிடாக்கியும் செல்போனும் பயன்படுத்தாதே என்பது அடுத்தது. இது நமக்குச் சங்கடம். இன்றைக்குப் பள்ளியில் எல்லாத் தகவலும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடுகிறது. செல்போன் இல்லாமல் 40 வகுப்புக்கு எப்படிச் சொல்வது? பழையபடி அட்டெண்டர் கையில் சர்க்குலர் கொடுத்து அனுப்புவது, ஒரு குறிப்பிட்ட மாதிரி மணி அடிப்பது என்று முடிவு செய்தோம். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, குரூப்பில் போட்ட அடுத்த நிமிஷம் அது பெற்றோருக்குப் போகும், அரை மணி நேரத்தில் கேட் வாசலில் கூட்டம் நிற்கும், வெடிகுண்டு நிபுணர்களின் வண்டியும் மோப்ப நாயும் உள்ளே வர வழியிருக்காது.

மூன்றாவது, போலீஸ் வந்து நிலைமையைப் பார்க்கும் வரை கட்டடத்தைக் காலி செய்யாதே என்று எங்களிடம் இருக்கும் பதிப்பில் இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுடைய வாதம் புரிகிறது. யோசிக்காமல் எல்லோரையும் ஓட விட்டால் குண்டு இருக்கும் பக்கமே ஓட வைக்கலாம், ஓமாவில் நடந்தது அதுதான். ஆனால் மீனம்பாக்கத்தையும் மறக்க முடியாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை விமான நிலையத்தில் குண்டு வெடித்தது, வெடிப்பதற்கு முன்னால் போனில் எச்சரிக்கை வந்திருந்தது. நடுவில் நேரம் இருந்தும் அங்கே இருந்தவர்களை முழுதாக வெளியேற்றி முடிக்கவில்லை. 30 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். ஆகவே இந்த வரியை ஒரு தாள் முடிவு செய்ய முடியாது. எவ்வளவு திட்டமாகச் சொன்னான், இடம், நேரம், பொருள் எல்லாம் சொன்னானா, கேள்விக்கு முன்னுக்குப் பின் முரணில்லாமல் பதில் வந்ததா என்று பார்க்க வேண்டும். விமான நிலையங்களில் இதற்கென்றே ஒரு மதிப்பீட்டுக் குழு கூடி, குறிப்பான மிரட்டலா இல்லையா என்று முடிவு செய்கிறது. பள்ளியில் அந்தக் குழு என்பது பிரின்சிபல், அலுவலகத்தில் ஒருவர், போனை எடுத்தவர், லைனில் இருக்கும் போலீஸ் அதிகாரி. சொன்ன நேரம் பக்கத்தில் இருந்தால் போலீஸ் வரும் வரை காத்திருக்க மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கிறோம், காவல் நிலையத்திலும் அதைக் காட்டிவிட்டோம்.

வெளியேற்றினால் எங்கே? இதற்குச் சிசாவின் இன்னொரு இலவச அட்டை இருக்கிறது, எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும் என்று சொல்வது. சின்னக் குழாய்க் குண்டு என்றால் 70 அடிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது, முடிந்தால் 1200 அடி தள்ளிப் போவது நல்லது. சூட்கேஸ் அளவு என்றால் அது 150 அடியும் 1850 அடியும். இதைப் பார்த்த பிறகு எங்கள் ஃபயர் டிரில் திட்டம் முழுதும் கேள்விக்குரியதாகிவிட்டது. தீ என்றால் விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிற்க வைப்போம். மைதானத்தின் ஒரு பக்கம் பள்ளி பஸ்கள், இன்னொரு பக்கம் ஆசிரியர்களின் வண்டிகள், கட்டடத்திலிருந்து அதிகபட்சம் 300 அடி. அதனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசி வைத்திருக்கிறோம், சாவி எந்நேரமும் கிடைக்கும் வாட்ச்மேன் யார் என்பது வரை. அந்த அட்டையை இந்தப் படிவத்தோடு சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள், தனியாகப் பார்த்தால் பாதி பயன்தான்.

தேடுவது பற்றி இந்தப் படிவத்தில் அதிகம் இல்லை, ஏடிஎஃப் கையேட்டில் இருக்கிறது. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், அறைக்குள் நுழைந்ததும் எதையும் தொடாமல் கண்ணை மூடி நின்று ஏதாவது கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும், பிறகு தரையிலிருந்து இடுப்பு உயரம், இடுப்பிலிருந்து தலை உயரம், அதற்கு மேல் கூரை வரை என்று அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். இதை நாங்கள் செய்யப் போவதில்லை, அது வெடிகுண்டு பிரிவின் வேலை. ஆனால் தன் அறையில் எந்தப் பை புதுசு, எந்த டிபன் பாக்ஸ் நேற்றிலிருந்து கிடக்கிறது என்பது அந்த வகுப்பு ஆசிரியருக்கும் பெருக்கும் ஆயாவுக்கும்தான் தெரியும், போலீசுக்குத் தெரியாது. வெளியேறும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவு போதும்.

நிரப்பிய படிவத்தை என்ன செய்வது என்றும் பலருக்குத் தெரிவதில்லை. போன் எடுத்தவர் கீழே நேரம், தேதி, கையெழுத்து போட வேண்டும். அதன் மேல் வேறு யாரும் 'அழகாக' மறுபடி எழுதக் கூடாது, அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும். பெயர் சொல்லாமல் மறைந்திருந்து மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவில் வருகிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 507. வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அந்தக் குரலைக் கேட்ட ஆள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், ஆறு மாதம் கழித்து அவருக்கு நினைவில் இருப்பதைவிட அன்றைக்குக் கையால் எழுதியதுதான் உறுதி.

மதிப்பெண் கேட்டால், படிவத்துக்கு 5க்கு 4 கொடுப்பேன். மாற்றாமல் ஆங்கிலத்திலேயே சுவரில் ஒட்டினால் 2தான், ஏனென்றால் எங்கள் அட்டெண்டருக்கும் வாட்ச்மேனுக்கும் அதைப் படிக்க வராது, மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் போனை எடுப்பவர் வாட்ச்மேன்தான். தமிழில் போட்டு, உங்கள் எண்களையும் முகவரியையும் நிரப்பி, ஒரு முறையாவது ஒத்திகை பார்த்தால் முழு மதிப்பெண்ணுக்குத் தகுதி.

சில நடைமுறைக் குறிப்புகளோடு முடித்துக்கொள்கிறேன். லேமினேட் செய்யாதீர்கள், பேனா எழுதாது. ஏ4 தாளில் இரு பக்கமும் அச்சடித்து, ஒரு கிளிப் பேடில் ஐந்தாறு பிரதி மாட்டி, பேனாவை நூலில் கட்டி, போனுக்குக் கீழே இருக்கும் டிராயரில் வையுங்கள், பூட்டுள்ள டிராயராக இருக்கக் கூடாது. சுவரில் பார்வையாளர் கண்ணில் படும்படி ஒட்டவும் வேண்டாம், வரும் பெற்றோர் பயந்துவிடுவார்கள். ரிசப்ஷன், பிரின்சிபல் அறை, டிரான்ஸ்போர்ட் அலுவலகம், வாட்ச்மேன் கூண்டு, வெளியிலிருந்து நேரடியாக போன் வரும் எல்லா இடத்திலும் ஒன்று. ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாதம் எண்களைச் சரிபாருங்கள், காவல் நிலையத்தில் ஆய்வாளர் மாறியிருப்பார், உங்கள் அலுவலகத்திலும் போன் எடுப்பவர் மாறியிருப்பார், புதிதாக வந்தவரை உட்கார வைத்து அந்தக் கேள்விகளை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.